ரயில் பாதையைக் கட்டும் நிறுவனம் என்ன செய்கிறது? இர்கான் வழியாக ஓர் எளிய விளக்கம்

ரயிலில் செல்பவர்களில் பெரும்பாலோர் ரயில்வே என்பதை ஒரே அமைப்பாகவே எண்ணுகிறார்கள். பயணச்சீட்டு கொடுப்பதும், வண்டியை ஓட்டுவதும், தண்டவாளம் போடுவதும், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவதும் ஒரே துறையின் வேலை என்பது நம் மனப்பதிவு. நடைமுறையில் இங்கே மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. பாதைக்கு உடைமையாளர் ஒருவர். அதைக் கட்டித் தருபவர் இன்னொருவர். கட்டி முடித்த பாதையில் வண்டிகளை இயக்குபவர் மூன்றாமவர். சில இடங்களில் இம்மூன்றும் ஒரே கையில் இருக்கும், சில இடங்களில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கும். நடுவில் இருக்கும் அந்தக் கட்டுமான நிறுவனத்தைப் பற்றித்தான் பொதுவாசகர்களுக்கு மிகக் குறைவாகத் தெரியும். திறப்பு விழா முடிந்ததும் அதன் பெயர் பலகையிலிருந்தே மறைந்துவிடுகிறது. இந்தியாவின் பொதுத்துறை நிறுவனமான இர்கானை எடுத்துக்கொண்டு, இத்தகைய நிறுவனம் எப்படிப் பிறக்கிறது, எதைச் செய்ய வல்லது, அதன் திறமையை எதைக் கொண்டு அளக்கலாம் என்று பார்ப்போம்.

இந்திய ரயில்வேயிடம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கட்டுமான அனுபவம் இருந்தது. ஒவ்வொரு மண்டல ரயில்வேயிலும் கட்டுமானப் பிரிவு உண்டு, பொறியாளர்களும் உண்டு. ஆனால் அரசுத் துறை ஒன்று வெளிநாட்டுக்குச் சென்று ஒப்பந்தப்புள்ளி கொடுக்க முடியாது. வங்கி உத்தரவாதம் அளிப்பது, அந்நிய நாணயத்தில் கணக்கு வைப்பது, இழப்பு நேர்ந்தால் அதைத் தன் கணக்கிலேயே ஏற்பது போன்றவற்றுக்கு நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற தனி அமைப்பு வேண்டும். 1970-களில் மேற்காசிய, ஆப்பிரிக்க நாடுகளில் ரயில் பாதைகளுக்கான தேவை பெருகியபோது, ரயில்வே அமைச்சகம் இரண்டு நிறுவனங்களைத் தொடங்கியது. 1974-இல் பிறந்த ரைட்ஸ் ஆலோசனைப் பணிக்கானது: ஆய்வு செய்யும், திட்டம் வகுக்கும், தரம் பார்க்கும். 1976 ஏப்ரல் 28 அன்று பதிவான ‘இந்தியன் ரயில்வே கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி’ களத்தில் இறங்கிக் கட்டுவதற்கானது. அதன் சுருக்கப் பெயரே இர்கான். 1995-இல் ‘இர்கான் இன்டர்நேஷனல்’ என்று பெயர் மாறியது.

இராக்கும் அல்ஜீரியாவும் அதன் தொடக்ககால வெளிநாட்டுக் களங்கள். ரயில்வேயிலிருந்து அயற்பணியில் வந்த பொறியாளர்களே முதுகெலும்பாக இருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. பாதையைக் கட்டுபவர், பின்னாளில் அதைப் பராமரிப்பவர் படும் பாட்டை ஏற்கெனவே அறிந்தவராக இருக்கிறார். எந்த வடிகால் அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் தண்டவாளம் விரைவில் தேயும் என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. பிரிவுப் பொறியாளராகப் பாதையோரம் நடந்தவருக்குத் தெரியும். இர்கானின் உண்மையான மூலதனம் இந்த அறிவுதான் என்பது என் கருத்து.

இனி, ஒரு பாதையைக் கட்டுவதென்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதல் வேலை அளவீடு. ரயில் வண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. நூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே அது சரக்கு ரயிலுக்குக் கணிசமான ஏற்றம். சாலை போல மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்க ரயில் பாதையால் இயலாது என்பதால், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் ஏறத்தாழச் சமமான ஒரு தளத்தை நெடுந்தொலைவுக்கு உருவாக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எந்த ரயில் திட்டத்திலும் கண்ணுக்குப் படாத பெருஞ்செலவு மண்வேலையில் இருக்கிறது. கரைக்கான மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஈரப்பதம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்குகிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் போதிய அளவு இறுகிவிட்டதா என்று சோதித்த பிறகே அடுத்த அடுக்கு. இதில் அவசரப்பட்டால், நான்கைந்து மழைக்காலத்துக்குப் பிறகு கரை அமுங்கி, வண்டிகள் அந்த இடத்தில் மட்டும் ஊர்ந்து செல்ல வேண்டிய நிலை நிரந்தரமாகிவிடும்.

கரையின் மேல் ஜல்லி, ஜல்லியின் மேல் கான்கிரீட் ஸ்லீப்பர் எனப்படும் குறுக்குக் கட்டை, அதன் மேல் தண்டவாளம். இந்த வரிசையில் ஜல்லிக்கு இருக்கும் பங்கு பலருக்கும் வியப்பளிக்கும். வண்டியின் எடையைப் பரவலாக்கிக் கரைக்கு இறக்குவதும், மழைநீரை நிற்கவிடாமல் வடிப்பதும், ஸ்லீப்பர் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. இந்தியப் பெருவழிகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள் என்பது வழக்கமான அடர்த்தி. டேம்பிங் இயந்திரம் பாதையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, இரும்பு விரல்களை ஜல்லிக்குள் செருகி அதிர்வித்து, ஸ்லீப்பரின் அடியில் கற்களை நெருக்கி அடைக்கிறது. இதைச் சில முறை செய்த பிறகே பாதை வேகத்துக்குத் தயாராகும்.

தண்டவாளங்களை இணைக்கும் வேலையைக் களத்தில் பார்ப்பது தனி அனுபவம். இரு முனைகளுக்கும் இடையே சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் வார்ப்பு அச்சைப் பொருத்தி, மேலே மூசை எனப்படும் உருக்கு கலத்தை வைக்கிறார்கள். அதில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த பொடி இருக்கும். பற்றவைத்தவுடன் அலுமினியம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, இரும்பு உருகி, 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெண்ணொளியோடு அச்சுக்குள் இறங்குகிறது. சில நிமிடங்களில் அச்சை உடைத்து, புடைத்து நிற்கும் பகுதியைச் சீவி, சாணை பிடித்து, மீயொலிக் கருவியால் உள்ளே வெடிப்போ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய பாதைகளில் நாம் கேட்ட ‘தடக் தடக்’ ஓசை இப்போது குறைந்திருப்பதற்கு இப்படிப் பற்றவைத்த நீள் தண்டவாளங்களே காரணம்.

இவற்றோடு சிக்னல், தொலைத்தொடர்பு, மின்மயமாக்கல், நிலையக் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு பாதை பாதையாகிறது. இந்தியாவில் புதிய பாதையில் பயணிகள் வண்டி ஓடுவதற்கு முன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் பார்வையிட்டு அனுமதி தர வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருக்கிறார். கட்டியவரும் சோதிப்பவரும் ஒரே தலைமைக்குக் கட்டுப்பட்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அளவீடு முதல் அனுமதி வரை எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் பொறுப்பேற்று, கடைசியில் வண்டி ஓடக்கூடிய நிலையில் ஒப்படைப்பதை முழுப்பொறுப்பு ஒப்பந்தம் எனலாம். இங்குதான் பெரிய கட்டுமான நிறுவனத்துக்கும் சாதாரண ஒப்பந்ததாரருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. மண் கொட்டுபவர் எங்கும் கிடைப்பார். சிக்னல் பொருத்துபவரும் கிடைப்பார். மண் கொட்டுபவர் தாமதித்தால் சிக்னல் பொருத்துபவர் சும்மா இருக்கும் ஆறு மாதத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு ‘நான்’ என்று சொல்லக்கூடியவரே முழுப்பொறுப்பை ஏற்க முடியும்.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான சான்று இலங்கையின் வடக்குப் பாதை. காங்கேசன்துறை வரையிலான அந்தப் பாதை 1905-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. யாழ்தேவி என்ற ரயிலின் பெயருக்கு அந்த மண்ணில் இருந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. போரால் 1990-இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. அதன்பின் ஆண்டுகள் செல்லச் செல்ல, தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின, நிலையங்கள் இடிந்தன. போர் முடிந்த பிறகு, ஓமந்தை முதல் பளை வரையிலும், பளை முதல் காங்கேசன்துறை வரையிலும், மதவாச்சியிலிருந்து மடு வழியாகத் தலைமன்னார் வரையிலும் பாதையை மீண்டும் அமைக்கும் பொறுப்பு இர்கானுக்கு வந்தது. சிக்னல், தொலைத்தொடர்பு அமைப்பும் அதனோடு சேர்ந்தது.

மீட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டால் பழுது பார்ப்பது போலத் தோன்றலாம். உண்மையில் அங்கே எஞ்சியிருந்தது பாதை சென்ற தடம் மட்டுமே. கண்ணிவெடி ஆபத்து நீங்கிய நிலத்தில்தான் அளவைக் கருவியை ஊன்றவே முடியும். அதன்பின் கரையைச் சீர்செய்து, சிறு பாலங்களையும் மதகுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, தேவையானவற்றைப் புதிதாகக் கட்டி, ஜல்லி முதல் சிக்னல் விளக்கு வரை எல்லாவற்றையும் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. ஒரு வசதி மட்டும் இருந்தது. இலங்கையின் பாதையும் இந்தியாவின் அகலப் பாதையும் ஒரே அளவுடையவை. இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். ஆகவே இந்தியாவில் பழகிய ஸ்லீப்பர் வடிவமைப்பும், வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் அமைப்புகளும், இயந்திரங்களும் பெரிய மாற்றமின்றி அங்கும் பயன்பட்டன.

பாதை துண்டுதுண்டாகவே உயிர் பெற்றது. 2013 மே மாதம் மடு வரையும், அதே ஆண்டு செப்டம்பரில் கிளிநொச்சி வரையும் வண்டி வந்தது. 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம், 2015 சனவரி 2 அன்று காங்கேசன்துறை. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாருக்கான சேவை தொடங்கியது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாண நிலையத்தில் வந்து நின்ற வண்டியை, அதற்கு முன் ரயிலையே பார்த்திராத ஒரு தலைமுறை வரவேற்றது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் வேலைக்கு இதைவிட நேரடியான பயன் வேறு எங்கும் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் புதிதாக அறிபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இது நன்கொடை என்று பலர் கருதுகிறார்கள். பெரும்பகுதி கடன். இந்திய அரசின் சார்பில் எக்சிம் எனப்படும் ஏற்றுமதி–இறக்குமதி வங்கி இலங்கை அரசுக்குக் கடன் வரம்பு அளித்தது. இத்தகைய கடனில் ஒப்பந்ததாரர் இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும். பொருள்களிலும் சேவைகளிலும் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வாங்கப்பட வேண்டும். வேலை நடக்க நடக்க வங்கி ஒப்பந்ததாரருக்கே நேரடியாகப் பணம் தரும். கடனைத் திருப்பிச் செலுத்துவது இலங்கை அரசு. கடன் பெறும் நாட்டுக்குப் பாதை கிடைக்கிறது, கடன் தரும் நாட்டின் தொழிலுக்கு வேலை கிடைக்கிறது. சீனாவும் ஜப்பானும் வெளிநாடுகளில் ரயில் கட்டுவது பெரும்பாலும் இதே வழியில்தான். ஆகவே ஒரு நிறுவனம் வெளிநாட்டில் ஒப்பந்தம் பெற்றது என்ற செய்தியைப் படிக்கும்போது, அது பன்னாட்டுப் போட்டியில் வென்றதா, சொந்த நாட்டுக் கடனோடு சேர்ந்து வந்ததா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டும் மதிப்புள்ளவையே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

மலேசியாவில் செரம்பான் முதல் கெமாஸ் வரை சுமார் 98 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை, மின்மயமாக்கிய இரட்டைப் பாதையாக இர்கான் மாற்றிய பணி 2013-இல் நிறைவுற்றது. அங்கே பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான். ஏற்கெனவே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த தடத்தில், சேவையை நிறுத்தாமல் அருகிலேயே புதிய பாதையை அமைப்பதுதான் அந்த வேலையின் கடினம். அந்நாட்டோடு இர்கானின் உறவு அதற்கும் பழையது. 1992-க்குப் பிறகு இந்தியா தன் மீட்டர் கேஜ் பாதைகளை வேகமாக அகலப் பாதையாக்கியபோது, நல்ல நிலையில் இருந்த மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின்கள் வேலையின்றி நின்றன. அவற்றில் ஒய்.டி.எம்.4 வகை எஞ்சின்கள் சிலவற்றை 1996 முதல் மலேசிய ரயில்வேக்கு இர்கான் குத்தகைக்கு விட்டுப் பராமரித்தது. கட்டுமான நிறுவனத்தின் வேலை கட்டுவதோடு நிற்பதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உள்நாட்டில் இர்கானைக் கடுமையாகச் சோதித்த களம் காஷ்மீர். உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா திட்டத்தில், காசிகுண்ட்–பாரமுல்லா பகுதி 2008-க்கும் 2009-க்கும் இடையில் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் உட்பகுதி ஓரளவு சமதளம். பள்ளத்தாக்கைத் தெற்கே அடைத்து நிற்கும் பீர் பஞ்சால் மலையைக் கடப்பதுதான் சிக்கல். பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே 11.2 கிலோமீட்டர் நீளத்தில் குடையப்பட்ட சுரங்கம் 2013 சூன் 26 அன்று திறக்கப்பட்டது. சாலைவழியே 35 கிலோமீட்டராக இருந்த தொலைவு ரயிலில் ஏறத்தாழ பாதியாயிற்று. பழைய சாலைச் சுரங்கத்துக்கு ஏறக்குறைய 440 மீட்டர் கீழே இது செல்வதால், பனிப்பொழிவில் சாலை மூடப்படும் நாள்களிலும் வண்டி ஓட முடிகிறது.

இமயமலை இளைய மலை. ஒரே சுரங்கத்துக்குள் உறுதியான பாறையும், நொறுங்கும் களிப்பாறையும், நீர் பீறிடும் பகுதியும் அடுத்தடுத்து வரும். அதனால் முன்கூட்டியே ஒரே வடிவமைப்பைத் தீர்மானித்துவிட்டுக் குடைந்துகொண்டே போக முடியாது. புதிய ஆஸ்திரிய முறை எனப்படும் உத்தியில், சில மீட்டர் வெடிவைத்துக் குடைந்தவுடன் சுவரில் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். பாறைக்குள் நீண்ட இரும்பு ஆணிகளைச் செலுத்துவார்கள். பிறகு சுவர் எவ்வளவு உள்வாங்குகிறது என்று நாள்தோறும் அளந்து, அந்த அளவைப் பொறுத்தே அடுத்த சில மீட்டருக்கு எத்தகைய தாங்கல் வேண்டும் என்று முடிவு செய்வார்கள். மலை சொல்வதைக் கேட்டுக்கொண்டே முன்னேறும் முறை இது. பீர் பஞ்சால் சுரங்கத்தில் தண்டவாளத்தின் ஓரமாகவே மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு சாலையும் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் மீட்பு வண்டி உள்ளே செல்லவும், பராமரிப்புக்கும் அது உதவுகிறது. அதன் தெற்கே பனிஹால்–சங்கல்தான் பகுதியில் 12.77 கிலோமீட்டர் நீளமுள்ள டி-50 சுரங்கம் 2024 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தபோது, நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பீர் பஞ்சால் சுரங்கத்தை இர்கான் கட்டியது என்று சொல்வது வழக்கம். உள்ளே நின்று குடைந்தது இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். இர்கான் திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பாளராக இருந்து, ஒப்பந்தம் விட்டு, மேற்பார்வையிட்டு, ரயில்வேக்குப் பதில் சொன்னது. செனாப் பாலமும் இதே திட்டத்தில்தான் வருகிறது. ஆனால் அது இர்கானின் பகுதியில் இல்லை, கொங்கண் ரயில்வேயின் பொறுப்பில் இருந்தது. ஒரு பெருந்திட்டத்தில் ‘கட்டியது’ என்ற சொல்லுக்குப் பல அடுக்குகள் உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் நிறுவனங்களின் சாதனைப் பட்டியலைப் படித்தால், ஒரே பாலத்தை மூன்று நிறுவனங்கள் தம்முடையது என்று சொல்வதைக் கண்டு குழம்ப நேரிடும். மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

பாட்னாவுக்கு அருகே திகா–சோன்பூர் ரயில்–சாலைப் பாலம் இர்கானின் பாலப்பணிக்குப் பெரிய சான்று. கங்கையின் மேல் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளும் அதில் 2016-இல் ரயில்கள் ஓடத் தொடங்கின. நேபாளத்தில் ஜனக்பூர் வழியாகச் சென்ற பழைய குறுகிய பாதைக்குப் பதில் ஜயநகர்–குர்தா அகலப் பாதையை அமைத்ததும் இதே நிறுவனமே. அங்கே சேவை 2022 ஏப்ரலில் தொடங்கியது.

எல்லா முயற்சியும் வென்றதில்லை. மொசாம்பிக்கில் பெய்ரா துறைமுகத்திலிருந்து செல்லும் பாதைகளைச் சீரமைத்து இயக்கும் உரிமையை, ரைட்ஸும் இர்கானும் சேர்ந்த கூட்டமைப்பு 2004-இல் பெற்றது. அங்கே அவர்கள் கூலிக்குக் கட்டுபவர்களாக இல்லை. முதலீட்டாளர்களாகவும் இயக்குபவர்களாகவும் இருந்தார்கள். அப்பாதைகளில் ஒன்றான சேனா பாதையின் பணிகள் பற்றி மொசாம்பிக் அரசுக்கு அதிருப்தி ஏற்பட்டு, 2011-இல் அந்த உரிமை முடிவுக்கு வந்தது. வழக்கு நடுவர் மன்றம் வரை சென்றது. கட்டிக் கொடுத்துக் கூலி பெறும் ஒப்பந்தத்தில் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. முதலீடு செய்து பல ஆண்டு வருவாயில் மீட்க நினைக்கும் ஏற்பாட்டில், அந்நாட்டின் அரசியலும் சரக்குப் போக்குவரத்தின் ஏற்ற இறக்கமும் நிறுவனத்தின் தலையிலேயே விழுகின்றன.

உள்நாட்டு வணிகத்திலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. நெடுங்காலம் ரயில்வே அமைச்சகம் தன் திட்டங்களை இர்கானுக்குப் போட்டியின்றி நேரடியாக ஒதுக்கியது. செலவோடு ஒரு குறிப்பிட்ட விழுக்காடு சேர்த்துக் கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் திறந்த ஒப்பந்தப்புள்ளியில் தனியார் நிறுவனங்களோடு போட்டியிட்டே வேலை பெற வேண்டிய நிலை வந்துள்ளது. லாப விகிதம் குறையும் என்ற கவலை இதில் உண்டு. 2018 செப்டம்பரில் அதன் பங்குகள் சந்தையில் பட்டியலாயின. 2023 அக்டோபரில், பொதுத்துறை நிறுவனங்களுக்கு முதலீட்டில் கூடுதல் தன்னுரிமை தரும் நவரத்னா தகுதி கிடைத்தது. பெரும்பான்மைப் பங்குகள் இன்னும் அரசிடமே உள்ளன.

போட்டியில் பெற்ற வேலைகளில் முக்கியமானது மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலில் வாபி–வதோதரா இடையே 237 கிலோமீட்டர் வழித்தடத்துக்குப் பாதை அமைக்கும் பணி. இங்கே ஜல்லியே கிடையாது. ஜப்பானின் ஷின்கான்சென் முறையில், கான்கிரீட் தளத்தின் மேல் முன்வார்ப்புப் பலகைகளை வைத்து, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் பொருத்துகிறார்கள். ஜல்லிப் பாதையில் பிழை நேர்ந்தால் டேம்பிங் செய்து திருத்தலாம். பலகைப் பாதையில் மில்லிமீட்டர் அளவுப் பிழையையும் வைக்கும்போதே தவிர்த்தாக வேண்டும். இதுவரை இந்தியாவில் பழகிய கைகள் புதிதாகக் கற்க வேண்டிய தொழில் அது; ஜப்பானிய முறையில் பயிற்சியும் தரப்படுகிறது.

இர்கானைப் போலவே ரயில்வே அமைச்சகத்தின்கீழ் வேறு நிறுவனங்களும் இருப்பதால் பெயர்கள் குழம்புவது இயல்பு. 1990-இல் கொங்கண் கடற்கரைப் பாதைக்காகவே தொடங்கப்பட்ட கொங்கண் ரயில்வே, தான் கட்டிய பாதையைத் தானே இயக்குகிறது. 2003-இல் தொடங்கிய ரயில் விகாஸ் நிகாம் நிறுவனம் உள்நாட்டுத் திட்டங்களை விரைந்து முடிப்பதற்காகப் பிறந்தது. நம் ஊரில் பாம்பனில் செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு புதிய பாலத்தைக் கட்டியது அந்த நிறுவனமே. அது திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் 6 அன்று காலையில், கடலுக்கு அப்பால் அனுராதபுரத்தில், மாகோ முதல் ஓமந்தை வரை இர்கான் புதுப்பித்த 128 கிலோமீட்டர் பாதையும் தொடங்கிவைக்கப்பட்டது. வடக்குப் பாதையின் போரால் அழிந்த பகுதி ஓமந்தைக்கு வடக்கே முன்பே புதிதாகிவிட்டது. தெற்கே எஞ்சியிருந்த பழைய பாதையின் வேகக் கட்டுப்பாடுகளை நீக்குவதே இந்த வேலையின் நோக்கம். அதே நிகழ்ச்சியில் மாகோ–அனுராதபுரம் பகுதிக்கான புதிய சிக்னல் அமைப்பின் பணியும் தொடங்கியது.